ஓடினவன் ஒருவன், பிழைத்தவன் இன்னொருவன்



இந்த மாதம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கண் முன்னே பாயில் படுத்திருக்கிற வியாதிக்காரனுக்கு உதவி செய்வது நல்லது என்று நம் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிரசங்கம் தேவையில்லை. ஆனால் இன்னும் பிறக்காத ஒருவன், இனி எப்போதோ வியாதிப்படப் போகிற ஒருவன், நம் முகத்தை ஒருபோதும் பார்க்கப் போகாத ஒருவன் பிழைக்க வேண்டும் என்று இன்றைக்கு நம் கையில் இருக்கிற பணத்தைக் கொடுக்கலாமா? கொடுத்தால் அது தர்மமா, வீண் செலவா?

நம் சபையில் ஒரு தாயார் இருக்கிறார்கள். அவர்களுடைய மகள் கனடாவில் நர்ஸாக வேலை செய்கிறாள். போன செப்டம்பரில் மகள் அனுப்பின போட்டோவை போனில் காட்டினார்கள். சிறியவர் பெரியவர் என்று ஒரு பெரிய கூட்டம் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. "பாருங்க ஐயா, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா ஓடிக்கிட்டிருக்கா. அதுக்கு நூறு டாலர் வேற குடுத்தாளாம். கேன்சர் ஆராய்ச்சிக்காம். இங்க நம்ம சபையிலேயே ஒரு பையன் மருந்துக்குத் தவிக்கிறான். அந்தக் காசை இங்க அனுப்பியிருந்தா ஆகாதா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்தத் தாயாரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பதில் சொல்லுமுன் அந்த ஓட்டம் என்ன ஓட்டம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குப் பெயர் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம். டெர்ரி ஃபாக்ஸ் என்பவர் 1958-ல் கனடாவின் வினிபெக் நகரத்தில் பிறந்து, பிரிட்டிஷ் கொலம்பியாவில் போர்ட் கொக்விட்லம் என்ற ஊரில் வளர்ந்தவர். சாதாரணக் குடும்பம். விளையாட்டில் ஆசை உள்ள பையன். 1977-ல், 18 வயதில், வலது முழங்காலில் வலி என்று போனார். எலும்புப் புற்றுநோய் என்றார்கள். முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 16 மாதம் கீமோதெரபி. அந்த வார்டிலே தன்னைவிடச் சிறிய பிள்ளைகள் படுகிற பாட்டை அவர் தினமும் பார்த்தார்.

ஒரு காரியம் அவர் மனதில் தைத்தது. பிழைப்பதற்கு நூற்றுக்கு 50 வாய்ப்பு என்று டாக்டர்கள் சொன்னார்கள். இதே வியாதியோடு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் நூற்றுக்கு 15 தான் சொல்லியிருப்பார்கள் என்றும் அறிந்துகொண்டார். இரண்டே வருஷத்தில் 15 எப்படி 50 ஆயிற்று? ஆராய்ச்சியினால். நடுவில் இருக்கிற அந்த 35-ஐத் தனக்குக் கொடுத்தவர்கள் யார் என்று அந்த வாலிபனுக்குத் தெரியாது. கொடுத்தவர்களுக்கும் அவரைத் தெரியாது. தெரியாதவர்களிடம் பெற்றதைத் தெரியாதவர்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தார்.

செயற்கைக் காலோடு ஓடப் பழகினார். 1979-ல் பிரின்ஸ் ஜார்ஜ் என்ற ஊரில் ஒரு பந்தயத்தில் ஓடினார். கடைசியாக வந்தார். தனக்கு முன் வந்தவருக்கும் பத்து நிமிஷம் பிந்தி வந்தார். ஆனாலும் கூட ஓடினவர்கள் கண்ணீரோடு கைதட்டினார்கள்.

பிறகு 1980 ஏப்ரல் 12-ஆம் தேதி, கனடாவின் கிழக்குக் கோடியில் செயின்ட் ஜான்ஸ் என்ற ஊரில், செயற்கைக் காலை அட்லாண்டிக் கடல் தண்ணீரில் நனைத்துவிட்டு மேற்கே பசிபிக் கடலை நோக்கி ஓடத் தொடங்கினார். அன்று அவருக்கு வயது 21. நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர். ஒரு முழு மாரத்தான் தூரம்! நல்ல கால் இரண்டு தரம் குதிக்கும், செயற்கைக் கால் ஒரு தரம் ஊன்றும். அப்படி ஒரு ஓட்டம். வெட்டுப்பட்ட இடத்தில் புண்ணாகி இரத்தம் கசியும். நண்பர் ஒருவர் வேனை ஓட்டிக்கொண்டு கூடவே வந்தார். ஆரம்பத்தில் பல ஊர்களில் சீந்துவார் இல்லை. ஆனால் போர்ட் ஓ பாஸ்க் என்ற ஊரிலே 10,000 ஜனங்கள்தான். அவர்கள் 10,000 டாலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு டாலர். தேசம் முழுவதும் இப்படிக் கொடுத்தால் போதுமே என்ற எண்ணம் வலுத்தது. கனடாவின் அன்றைய ஜனத்தொகை ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம்.

இந்த இடத்தில் ஊழியக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கம்பெனிகள் அவரிடம் வந்தன. வேன், பெட்ரோல், ஷூ ஆகியவை தானமாய் வந்தபோது வாங்கிக்கொண்டார். ஆனால் "எங்கள் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை விளம்பரமாகச் சொல்லுங்கள்" என்று கேட்டவர்களைத் திருப்பி அனுப்பினார். நிபந்தனையோடு வந்த நன்கொடையையும் வாங்கவில்லை. இந்த ஓட்டத்தினால் யாரும் லாபம் அடையக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். மேடைக்குப் பின்னால் நன்கொடையாளர் பெயர்களைப் பெரிய எழுத்தில் பேனர் கட்டுகிற நம்முடைய சில கன்வென்ஷன்களை நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான், மேலே சொல்லவில்லை.

143 நாட்கள் ஓடினார். 5,373 கிலோமீட்டர். 1980 செப்டம்பர் 1-ஆம் தேதி, தண்டர் பே என்ற ஊருக்கு அருகே இருமலும் நெஞ்சு வலியும் வந்தது. ரோட்டோரம் ஜனங்கள் நின்றபடியால் அவர்களைத் தாண்டும்வரை ஓடினார். பிறகு வேனில் ஏறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். புற்றுநோய் நுரையீரலுக்கு வந்துவிட்டது.

தேசமே ஜெபித்தது. போப் இரண்டாம் ஜான் பால்கூட, தான் ஜெபிப்பதாகத் தந்தி கொடுத்தார். பணமும் வந்து குவிந்தது. 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 41 லட்சம் டாலர் சேர்ந்தது. ஆளுக்கு ஒரு டாலர் என்ற அவருடைய ஆசையைத் தேவன் அவர் உயிரோடிருக்கும்போதே காணச் செய்தார். ஆனால் சுகம் வரவில்லை. அப்போது பரிசோதனை நிலையில் இருந்த இன்டர்ஃபெரான் என்ற மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். 1981 ஜூன் 28-ஆம் தேதி மரித்தார். 23 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

நாம் பெந்தெகொஸ்தேகாரர். தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிறவர்கள். ஆகவே இங்கே நமக்கு ஒரு கேள்வி எழும்பும். இத்தனை பேர் ஜெபித்தும் ஏன் மரித்தார்? சிலர் உடனே "விசுவாசக் குறைவு" என்று சொல்லிவிடுவார்கள். மரித்தவனின் தாயாருக்கு முன் நின்று அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நாவு எழும்பாது. இன்னும் சிலர், "ஜெபிக்கிறவனுக்கு ஆராய்ச்சி எதுக்கு பிரதர்?" என்பார்கள்.

அவர்களை எசேக்கியா ராஜாவிடம் அழைத்துப் போக விரும்புகிறேன். இரண்டாம் இராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்தை வீட்டில் நிதானமாக வாசியுங்கள். அவன் மரணப்படுக்கையில் சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுது ஜெபித்தான். கர்த்தர் கேட்டார். இன்னும் 15 வருஷம் தருவதாக வாக்குக் கொடுத்தார். வாக்கு வந்த பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி என்ன செய்யச் சொன்னார்? அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் போடச் சொன்னார். ஜெபமும் இருந்தது, மருந்தும் இருந்தது. ஒன்று வந்ததால் மற்றது ஓடிவிடவில்லை.

ஆனால் என்னை அதிகமாய்த் தொட்டது அதே அதிகாரத்தின் பிற்பகுதி. நாம் அதிகமாய்ப் பிரசங்கிக்காத பகுதி. சுகமான எசேக்கியா பாபிலோனிலிருந்து வந்தவர்களுக்குத் தன் பொக்கிஷத்தையெல்லாம் காட்டுகிறான். இதெல்லாம் ஒருநாள் வாரிக்கொண்டு போகப்படும், உன் சந்ததியில் சிலர் அங்கே அரண்மனை வேலைக்காரராய் இருப்பார்கள் என்று ஏசாயா சொல்கிறார். அதைக் கேட்ட தகப்பன் அழவில்லை. சுவர்ப்புறம் திரும்பவுமில்லை. தன் காலத்தில் சமாதானம் இருந்தால் போதும் என்கிற விதமாய்ப் பேசிவிட்டான். தனக்கு வியாதி வந்தபோது அவ்வளவு கண்ணீர்! பிள்ளைகளுக்கு வரப்போகிற ஆபத்துக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை!

தாவீதைப் பாருங்கள். ஆலயம் கட்ட ஆசைப்பட்டான். நீ கட்டக் கூடாது, உன் மகன் கட்டுவான் என்று தேவன் சொல்லிவிட்டார். நம்மில் அநேகர் என்ன செய்வோம்? "எனக்கு இல்லாத ஊழியத்துக்கு என் பணம் எதுக்கு?" என்று ஒதுங்கிக்கொள்வோம். தாவீதோ இரும்பும் வெண்கலமும் சேர்த்து, கேதுரு மரங்களைக் குவித்து, கல் வெட்டுகிற ஆட்களையும் ஏற்பாடு செய்துவிட்டுக் கண்ணை மூடினான். அந்த ஆலயத்தின் ஒரு தூணைக்கூட அவன் பார்த்ததில்லை.

டெர்ரி ஃபாக்ஸ் தாவீதின் பக்கம் நிற்கிறவர் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் சேர்த்த பணத்தினால் அவருக்கு ஒரு மாத ஆயுசுகூடக் கூடவில்லை. அவர் மரித்த வருஷமே, 1981 செப்டம்பர் 13-ஆம் தேதி, அவர் பேரில் முதல் ஓட்டம் நடந்தது. 3 லட்சம் பேர் கலந்துகொண்டு 35 லட்சம் டாலர் சேர்த்தார்கள். இந்த வருடாந்தர ஓட்டத்துக்கு யோசனை சொன்னவர் இசடோர் ஷார்ப் என்ற ஹோட்டல் முதலாளி. அவரும் 1978-ல் தன் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த தகப்பன். மகன் போன பிறகு ஆராய்ச்சிக்கு வழி செய்வதால் அந்த மகனுக்கு என்ன பிரயோஜனம்? ஒன்றுமில்லை. வேறொருவர் மகனுக்குத்தான். அன்று தொடங்கின ஓட்டம் பல தேசங்களுக்குப் போயிற்று, நம்முடைய சென்னையிலும் நடந்திருக்கிறது. இதுவரை 85 கோடி டாலருக்கும் மேல் சேர்ந்திருக்கிறது. இதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று கிடையாது. பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு உவமையாகக் காட்டின பந்தயத்தில் பரிசு ஒருவனுக்குத்தான். இங்கே அந்த ஒருவனும் இல்லை. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவளும், கைத்தடியோடு நடக்கிற தாத்தாவும் ஓடினவர்கள்தான்.

சரி, கொடுத்த பணம் எங்கே போகிறது? ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாயில் எதையோ ஊற்றிக் குலுக்குவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் பத்து வழி தேடினால் ஒன்பது வழி அடைபட்டிருக்கும். அந்த ஒன்பதுக்கும் யாரோ பணம் கொடுத்திருக்க வேண்டும். பத்தாவது திறக்கும்போது கொடுத்தவர்கள் உயிரோடு இருப்பார்களா என்பதும் நிச்சயமில்லை. இதற்கு நம் பக்கத்திலிருந்தே ஒரு சாட்சி உண்டு.

யல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பவர் 1895-ல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரம் என்ற ஊரில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய சகோதரர் இரண்டு பேர் ஸ்ப்ரூ என்ற குடல் வியாதியில் அடுத்தடுத்து மரித்தார்கள். அவர் 1920-களில் அமெரிக்காவுக்குப் போய், பிற்பாடு லெடர்லி என்ற மருந்து ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தினார். அந்த ஸ்ப்ரூ வியாதிக்கு உதவுகிற ஃபோலிக் அமிலத்தை அவருடைய குழுவினர் தயாரித்தார்கள். அண்ணன் தம்பிக்கு உதவவில்லை. அவர்கள் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. நம் உடம்பின் செல்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். புற்றுநோய்ச் செல்லோ கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைப் போல வேஷம் போட்டு உள்ளே நுழைந்து, அதன் வேலையைக் கெடுக்கிற ஒரு பொருள் இருந்தால்? அதையும் அந்தக் குழுவினரே செய்துகொடுத்தார்கள். போஸ்டன் நகரத்தில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் அதை இரத்தப் புற்றுநோய் கண்ட 16 பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு வியாதி அடங்கிற்று, ஆனால் கொஞ்ச காலத்துக்குத்தான். அதை அவர் 1948-ல் எழுதி வெளியிட்டார். அதே வருஷம் ஆகஸ்டில் சுப்பாராவ் மரித்தார். அந்த மருந்தின் இனத்தில் வந்ததுதான் மெதோட்ரெக்சேட். 1970-களில் எலும்புப் புற்றுநோயில் 15-ஐ 50-க்குக் கொண்டுபோன மருந்துகளில் அதுவும் ஒன்று. இன்றைக்கு அதே எலும்புப் புற்றுநோயோடு வருகிற வாலிபரில் பலருக்குக் காலை எடுக்காமலே ஆபரேஷன் செய்துவிடுகிறார்கள்.

சகோதரர்கள் எழுப்பக்கூடிய சில ஆட்சேபணைகளும் உண்டு. "ஆராய்ச்சிப் பணமெல்லாம் கடைசியில் மருந்துக் கம்பெனிக்காரன் பாக்கெட்டுக்குத்தானே போகுது?" இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஏழை வாங்க முடியாத விலையில் புது மருந்துகள் விற்பது அநியாயம்தான். அதற்காகக் கணக்குக் கேட்க வேண்டும், குரல் எழுப்ப வேண்டும். கொடுப்பதை நிறுத்துவது அதற்கு மருந்தல்ல. "ஞாயிற்றுக்கிழமை ஓடலாமா?" ஆராதனையை விட்டுவிட்டு ஓட வேண்டாம். அந்த நர்ஸ் மகள் சாயங்கால ஆராதனைக்குப் போயிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அந்த விஷயம் அதோடு முடிந்தது.

மூன்றாவது ஒன்று, யாரும் வாய்திறந்து கேட்காதது. "கொடுத்தா எனக்கு என்ன வரும்?" இன்றைக்கு நம் நடுவிலே விதைக் காணிக்கை என்று ஒரு போதனை பலமாய் இருக்கிறது. இவ்வளவு விதைத்தால் இத்தனை மடங்கு அறுப்பாய் என்று மைக்கில் கணக்குச் சொல்கிறார்கள். திரும்பி வருகிற தொகையை மனதில் வைத்துக் கொடுப்பதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு, வட்டிக்கு விடுவது. நான் கடினமாகப் பேசுவதாகச் சிலர் நினைக்கலாம். நினைக்கட்டும். தேவன் கொடுக்கிறவர்களை ஆசீர்வதிக்கிறார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொடுக்கிறவனின் கண் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற டாலரில் ஒரு விசேஷம் என்னவென்றால், அதில் திரும்பி வர ஒன்றுமே இல்லை. நன்றி சொல்ல ஆள் இல்லை. பலன் உண்டா என்றுகூடத் தெரியாது.

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். அந்த நூறு டாலர் இங்கே வந்திருந்தால் ஆகாதா? அவர்களுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒருவன் கையில் ஒரே ஒரு ரூபாய் இருந்து, வாசலில் ஒரு வியாதிக்காரனும் இருந்தால், அந்த ரூபாய் வாசலில் இருக்கிறவனுக்கு உரியது. சமாரியன் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தாண்டிப் போய், எதிர்காலத்தில் அந்தப் பாதையில் கள்ளர் வராதபடி காவல் போடுவதற்குக் காணிக்கை சேர்த்திருந்தால் அவனை நாம் நல்ல சமாரியன் என்று அழைத்திருக்க மாட்டோம். ஆனால் எரிகோவுக்குப் போகிற பாதையில் தினந்தோறும் ஒருவன் அடிபட்டுக் கிடந்தால்? காயம் கட்டிக்கொண்டே இருந்தால் போதுமா? பாதைக்கும் யாராவது ஏதாவது செய்ய வேண்டாமா? நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது ஒரே ஒரு ரூபாயும் அல்ல. கல்யாண வீட்டு மொய்க்கு, கிறிஸ்துமஸ் பட்டாசுக்கு, பிள்ளையின் பிறந்தநாள் கேக்குக்கு இருக்கிறது.

அந்தத் தாயார் சொன்ன பையனையும் உங்களுக்குத் தெரியும். லாரி ஓட்டுகிற நம் சகோதரனின் மகன், வயது 9, இரத்தப் புற்றுநோய். அவனுக்காக நாம் உபவாசித்து ஜெபித்தோம், இன்னும் ஜெபிக்கிறோம். இப்போது ஆஸ்பத்திரிப் படுக்கையை விட்டு வீட்டுக்கு வந்து, வாரம் ஒருநாள் சின்ன மஞ்சள் மாத்திரைகள் சாப்பிடுகிறான். அட்டையின் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மெதோட்ரெக்சேட். 1948-க்கு முன் இந்த வியாதி கண்ட பிள்ளைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ மரித்துப்போனார்கள். இப்போது வசதியுள்ள தேசங்களில் பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். நம் தேசத்தில் இன்னும் அவ்வளவு இல்லை. மருந்து இருந்தும் பஸ் செலவுக்கு இல்லாமல் பாதியில் நிறுத்திவிடுகிற குடும்பங்கள் உண்டு. "பாத்தீங்களாம்மா, யாரோ குடுத்த காசு நம்ம தெருவுக்கு வந்திருக்கு" என்றேன். அந்தத் தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப பஸ் செலவுக்கு யார் குடுக்கிறது ஐயா?" என்றார்கள். சரியான கேள்வி. அதுதான் நம்முடைய பங்கு.

சபைக் கமிட்டியில் பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம். இம்மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்தபின் வாசலில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று, தம்பியும் அவன் தாயாரும் மாதாமாதம் பரிசோதனைக்குப் போய்வருகிற செலவுக்கு. மற்றது, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் ஆராய்ச்சிக்கு. தன் தங்கை இந்த வியாதியில் மரித்ததைக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாருடைய முயற்சியால் 1954-ல் தொடங்கின நிலையம் அது. கவரில் பெயர் எழுத வேண்டாம். தம்பியின் பெட்டி நிறைந்ததா என்று முதலில் பார்த்துவிட்டு இரண்டாவதில் போடுங்கள். வாலிபர் கூட்டத்தார் அன்று காலை 6 மணிக்கு ரயில்வே கேட்டிலிருந்து சபைவரை ஓடிவர விரும்புகிறார்கள். ஓட முடியாதவர்கள் நடந்து வரலாம். 9 மணி ஆராதனைக்குக் குளித்துவிட்டு வரவும்.